மாபிள் கல்லில் ஊற்றிய வினாகிரி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒக்டோபர் முப்பதாம் திகதி, திருகோணமலையில் எங்கள் சேமக்காலையில் நடந்தது இது. கிறிஸ்தவ வேதக்காரர் இறந்தவர்களை அடக்கம் செய்யும் இடத்தைத்தான் நாங்கள் சேமக்காலை என்போம். இந்தக் கதையை இதுவரை நான் யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. என் வீட்டுக்காரருக்குப் பாதி தெரியும். பாவசங்கீர்த்தனத்தில் என் பாவத்தை அறிக்கையிடக் கேட்ட சுவாமியாருக்கு முக்கால்வாசி தெரியும். மீதிக் கால்வாசி நெஞ்சுக்குள் கிடந்து உறுத்துவதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் என் வினாகிரிப் பைத்தியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாட்டில் எல்லாச் சாமானுக்கும் வரிசையில் நின்ற காலம் உங்களுக்கு நினைவிருக்கும். கழிவறைக்கு ஊற்றும் மருந்து, கண்ணாடி துடைக்கும் நீலத் தண்ணீர், பாத்திரம் கழுவும் சவர்க்காரம் எல்லாமே கை வைத்தால் சுடும் விலைக்குப் போய்விட்டன. அப்போதுதான் போனில் யாரோ ஒரு பெண் தண்ணீர் சுடவைக்கும் கேத்திலுக்குள், அச்சாறுக்குப் புளிப்பாக விடும் வினாகிரியை ஊற்றிக் கொதிக்கவைத்துக் காட்டினாள். அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் சவர், உப்புக் கரிக்கும். கேத்திலின் அடியில் வருடக்கணக்காக வெள்ளைப் பொருக்கு படிந்து கிடந்தது. நானும் ஊற்றிப் பார்த்தேன். பொருக்கு முழுக்கக் கழன்று, கேத்தில் கலியாணத்துக்குத் தந்த நாளில் இருந்ததுபோல மினுங்கியது.

அன்றைக்குத் தொடங்கியது. பைப்பில் பொருக்கா, வினாகிரியில் நனைத்த துணியைச் சுற்றி அரை மணித்தியாலம் விடு. மீன் வெட்டிய பலகையில் வெடுக்கா, வினாகிரி. ஜன்னல் கண்ணாடி, குளிர்சாதனப் பெட்டி, குளியலறைத் தரை, மகளின் பழைய பள்ளிக்கூடச் சப்பாத்து, எல்லாவற்றுக்கும் வினாகிரி. சின்னப் போத்தல் போதாமல், சந்தைப் பக்கம் கிண்ணியாக்காரர் ஒருவரின் கடையில் பெரிய பிளாஸ்டிக் கானாக வாங்கத் தொடங்கினேன். மூன்றாவது கான் வாங்கப் போனபோது அவர் சிரித்துக்கொண்டு, "என்ன தங்கச்சி, அச்சாறு யாவாரம் தொடங்கிட்டீங்களா?" என்று கேட்டார்.

சும்மா இருந்தேனா? குறைகுடம் தளம்பாமல் இருக்குமா? துடைப்பதற்கு முன் ஒரு படம், துடைத்த பின் ஒரு படம் என்று எடுத்து, தெரிந்தவர்கள் எல்லோருக்கும் போனில் அனுப்பினேன். யார் வீட்டுக்குப் போனாலும் என் கண் அவர்களுடைய பைப்பிலும் கண்ணாடியிலும்தான் நிற்கும். கைப்பைக்குள் சின்ன விசிறும் போத்தல் ஒன்று எப்போதும் இருந்தது. "இயற்கையான சாமான், ஒண்டும் செய்யாது" என்பதை நாளைக்கு நாலு தரம் சொல்லியிருப்பேன். ஒழுங்கையில் விளையாடும் பிள்ளைகள் எனக்கு 'வினாகிரி அன்ரி' என்று பெயர் வைத்தார்கள். எனக்கு அது பட்டம் கிடைத்ததுபோல இருந்தது. சீனன்குடாவில் வேலை செய்யும் என் வீட்டுக்காரர் மட்டும், "நீ ஒருநாள் என்னையும் ஊறப்போட்டுத்தான் விடுவாய்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் ஒழுங்கையில் என்னிடம் வினாகிரி வாங்காத ஒரே வீடு, இரண்டு வீடு தள்ளி இருந்த தையல் அக்காவின் வீடுதான். பள்ளிக்கூடச் சீருடையும் சட்டையும் தைத்துச் சீவிப்பவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர் என்றாலும் என்னை 'நீங்கள்' என்றுதான் சொல்லுவார். ஒருமுறை போத்தலோடு போனேன். "எனக்குச் சாம்பலும் தேசிக்காயும் காணும் தங்கச்சி, அதுவே போதும்" என்று சொல்லித் தேத்தண்ணி தந்து அனுப்பிவிட்டார். எனக்குக் கொஞ்சம் மூக்குடைந்த மாதிரித்தான். ஆனால் அவரோடு கோபிக்க ஏலாது. சிக்கன்குனியா வந்து நான் கட்டிலை விட்டு எழும்ப முடியாமல் கிடந்த பத்து நாளும், கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து தலைமாட்டில் இருந்து பருக்கியவர் அவர்.

அவருக்கு ஒரே ஒரு பிள்ளை. ஒன்பது வயதில் காய்ச்சல் வந்து, நாலாம் நாள் முடிந்துபோன மகன். அது நடந்து இருபது வருடம். அவருடைய வீட்டுக்காரர் வள்ளங்களுக்கும் மீன் லொறிகளுக்கும் பெயர் எழுதுபவர். ஒரு காலத்தில் துறைமுகப் பக்கம் கரையில் இழுத்து வைத்திருக்கும் வள்ளங்களில் பாதிக்கு அவருடைய எழுத்துத்தான். கொரோனாவின் மோசமான மாதங்களில் மூச்சுத் திணறலோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அந்த நேரத்து முறைப்படி அவரை எரித்துவிட்டார்கள். அக்கா முகம்கூடப் பார்க்கவில்லை. எங்கள் சனத்தில் ஒருவருக்குச் சேமக்காலையில் குழி இல்லாமல் போவது எவ்வளவு பெரிய துக்கம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், நடந்ததைக் கேளுங்கள்.

நவம்பர் இரண்டாம் திகதி மரித்தோர் நினைவுநாள். அதற்கு முந்தின கிழமை எல்லாக் குடும்பமும் சேமக்காலைக்குப் போய், புல் பிடுங்கி, கழுவி, சுண்ணாம்பு அடித்து, தங்கள் ஆட்களின் கல்லறைகளைத் துப்புரவாக்கும். அந்த வருடம் அக்கா கிணற்றடியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். முழங்கை வரைக்கும் பிளாஸ்டர். தையலும் இல்லை, சமையலும் அரைகுறை. என் மாமியின் கல்லறைக்கு நான் போவேன் என்று தெரிந்து, வெட்கப்பட்டுக்கொண்டு கேட்டார்.

"தம்பியின்ர குழியில புல்லை மட்டும் ஒருக்காப் பிடுங்கிவிடுங்கோ தங்கச்சி. கல்லுக்குத் தண்ணி மட்டும் ஊத்தினால் போதும். வேற ஒண்டும் போடாதேங்கோ."

தன் மகனை அவர் எப்போதும் 'தம்பி' என்றுதான் சொல்லுவார். ஓம் அக்கா, நீங்கள் யோசியாதேங்கோ என்று நான் சொன்னேன். சொல்லும்போதே மனதுக்குள் வேறு கணக்குப் போட்டுவிட்டேன். என்னைக் கஷ்டப்படுத்தக்கூடாது என்றுதான் தண்ணீர் போதும் என்கிறார், பாவம். நான் செய்கிற வேலையைப் பார்த்து அசந்துபோகட்டும் என்று நினைத்தேன். 'சாம்பலும் தேசிக்காயும் காணும்' என்றவரிடம் என் வினாகிரியின் வெற்றியைக் காட்டிவிட வேண்டும் என்ற ஆசையும் அதற்குள் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

காலை எட்டு மணிக்கெல்லாம் கானையும், பழைய துணிகளையும், தேய்க்கும் பிரஷையும் எடுத்துக்கொண்டு போனேன். சேமக்காலை முழுக்கச் சனம். முதலில் மாமியின் கல்லறை. அது டைல் பதித்தது. பாசியும் கறுப்பும் வினாகிரிக்கு நிற்கவில்லை. பக்கத்துக் கல்லறைக்காரர்கள் வந்து பார்த்து, என்ன போட்டனீங்கள் என்று கேட்டார்கள். கேட்க வேண்டுமா? நின்று பிரசங்கமே வைத்தேன்.

அந்தப் புளுகோடு, பெருமையோடுதான் பிள்ளையின் குழிக்கு வந்தேன். சீமெந்துக் கட்டு, தலைமாட்டில் தேத்தண்ணித் தட்டத்தின் அளவில் ஒரு வெள்ளை மாபிள் கல். அதில் கறுப்புப் பெயின்றால் பிள்ளையின் பெயர், பிறந்த நாள், இறந்த நாள், கீழே 'அப்பாவின் ராசா' என்று ஒரு வரி. ஓரங்களில் பாசி பிடித்து, கல் மங்கிப் பழுப்பாகிக் கிடந்தது. வழக்கம்போல முதலில் ஒரு படம் எடுத்தேன். புல்லைப் பிடுங்கினேன். தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். அவர் கேட்டது அவ்வளவுதான். அத்தோடு பையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கலாம்.

கானில் இருந்ததைத் தண்ணீர்கூடக் கலக்காமல் கல்லில் ஊற்றினேன். உடனே மெல்லிய சத்தத்தோடு சின்னச் சின்னதாக நுரை எழும்பியது. அழுக்குக் கழலுகிறது என்று எனக்குப் பெரிய சந்தோஷம். துணிகளை வினாகிரியில் தோய்த்து, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் போடுவதுபோலக் கல்லை மூடிப் போட்டேன். ஊறட்டும் என்று அப்படியே விட்டு, மத்தியானச் சமையலுக்கு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மூன்று மணிக்குத் திரும்பி வந்து துணிகளை எடுத்தேன். பாசி போயிருந்தது. பழுப்பும் போயிருந்தது. பிரஷை எடுத்து இரண்டு இழுப்புத்தான் இழுத்திருப்பேன். பிரஷில் கறுப்புக் கறுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. அதையும் அழுக்கு என்று நினைத்து இன்னும் இரண்டு தரம் இழுத்தேன், பாருங்கள். தண்ணீர் ஊற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பிள்ளையின் பெயரில் முதல் எழுத்துகள் இல்லை. பயத்தில் விரலால் தொட்டேன். தொட்ட இடமெல்லாம் பெயின்ற் தோல் உரிவதுபோல உரிந்து வந்தது. 'அப்பாவின் ராசா' என்ற வரி மொத்தமாக என் விரல் நுனிக்கு வந்துவிட்டது.

கல்லின் மினுக்கமும் போய்விட்டது. தடவிப் பார்த்தால் உப்புக்கல்லைப்போலச் சுரசுரவென்று இருந்தது. அந்த இடத்திலேயே குந்திவிட்டேன். மகள் சின்ன வகுப்பில் படிக்கும்போது, பள்ளிக்கூடச் செய்முறைக்கு என்று ஒரு முட்டையை வினாகிரியில் போட்டு வைத்தாள். அடுத்த நாள் பார்த்தால் கோது முழுக்கக் கரைந்து, முட்டை வெறும் தோலோடு மிதந்தது. அந்தப் போத்தலை எடுத்துக் கொடுத்ததே நான்தான். மாபிளும் அதே சுண்ணாம்புச் சாதிதான் என்பது அன்றைக்கு என் மண்டைக்குள் ஏறவில்லை. நுரைத்தது அழுக்கல்ல, கல்.

இப்போது அந்தக் கால்வாசிக்கு வருகிறேன்.

வெயில் சாய்ந்து பக்கவாட்டில் விழுந்தபோது கல்லில் ஒன்றைக் கண்டேன். எழுத்து இருந்த இடங்கள் மட்டும் மெல்லியதாக மினுங்கின. பெயின்ற் மூடியிருந்ததால் அந்தக் கோடுகளுக்குக் கீழே இருந்த கல்லை வினாகிரி தின்னவில்லை. சுற்றிவரச் சொரசொரப்பு, நடுவில் பிள்ளையின் பெயர் மினுமினுப்பாக, கறுப்பு இல்லாமல் நின்றது. சரித்துப் பார்த்தால் தெரியும், நேரே பார்த்தால் தெரியாது. உற்றுப் பார்த்துத் தடவினால் விரலுக்கும் பிடிபட்டது.

நேரே அக்காவிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். எழும்பினேன், நடந்தேன், ஒழுங்கைக்குள்ளும் வந்தேன். அவருடைய வாசல் படலையைக் கண்டதும் கால் தன்பாட்டில் என் வீட்டுக்குத் திரும்பிவிட்டது. "எல்லாம் முடிஞ்சுதா தங்கச்சி?" என்று அவர் உள்ளிருந்து கேட்டது காதில் விழுந்தது. ஓம் என்றேன். வீட்டுக்காரரிடம் மட்டும் கல்லைக் கெடுத்துவிட்டேன் என்று சொன்னேன். "போய்ச் சொல்லு. நாள் போனால் சொல்ல ஏலாமல் போயிடும்" என்றார். அவர் சொன்னதைக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு இடமில்லை.

அடுத்த நாள் காலையில், ஓட்டோக்களுக்கும் கடைப் பலகைகளுக்கும் எழுதும் ஒருவரைத் தேடிப்பிடித்துச் சேமக்காலைக்குக் கூட்டிப் போனேன். நாற்பது வயது இருக்கும். நான் போனில் எடுத்த முதல் படத்தைக் காட்டி, இதேபோல எழுதித் தாருங்கள் என்றேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவர் என் முகத்தைப் பார்த்தார்.

"அக்கா, இது பெயின்ரர் அண்ணையின்ர கையெல்லோ? நான் அவரோட நிண்டு வள்ளத்துக்கு எழுதினனான். எனக்கு எங்க கண்டாலும் தெரியும்."

அந்த நிமிடம்தான் எனக்குத் தெரியவந்தது, பெற்ற தகப்பனே பிள்ளையின் பெயரை எழுதியிருக்கிறார் என்று. ஊருக்கெல்லாம் பெயர் எழுதியவர் தன் பிள்ளைக்கு இன்னொருவரைக் கொண்டா எழுதுவிப்பார்? இருபது வருடம் அந்தக் கல்லைப் பார்த்திருக்கிறேன், ஒருநாளும் நான் அப்படி யோசிக்கவில்லை.

அவர் குனிந்து கல்லைத் தடவினார். பிறகு சொன்னார், "கீழ அவரின்ர எழுத்துத் தடம் கிடக்குது அக்கா. புதுப் பெயின்ற் பிடிக்கிறதெண்டால் கல்லைத் தேய்ச்சு மட்டப்படுத்த வேணும். தேய்ச்சால் இதுவும் போயிடும். அவையிட்ட ஒருக்காக் கேட்டுப்போட்டுத் தேய்ப்பமோ?"

அவர்களிடம் கேட்பதென்றால் அக்காவிடம் கேட்பது. அக்காவிடம் கேட்பதென்றால் எல்லாவற்றையும் சொல்வது. நாளை மறுநாள் திருநாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கிற அவசரம் எனக்கு. "தேயுங்கோ" என்றேன். "அவைக்குத் தெரியும், நீங்கள் தேயுங்கோ" என்று ஒரு பொய்யையும் சேர்த்துச் சொன்னேன்.

தேய்க்கும் தாளை எடுத்து அவர் வட்டமாகத் தேய்த்தார். பிள்ளையின் பெயர் வெள்ளைத் தூளாகப் போனது. அவர் அதை வாயால் ஊதிவிட்டுப் பிரஷை எடுத்தார். மனிதரைக் குறை சொல்ல ஏலாது. நேர்த்தியாக, அச்சடித்ததுபோல எழுதினார். பழையதைவிட வடிவாக இருக்கிறது என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். வினாகிரி கல்லைக் கெடுத்தது அறியாமல் செய்த பிழை. தேய்க்கச் சொன்னது அறிந்து செய்தது. சுவாமியாரிடம்கூட நான் இரண்டாவதைச் சொல்லவில்லை.

திருநாள் அன்று பின்னேரம் சேமக்காலையில் பூசை. பூசை முடிந்து சுவாமியார் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்து வருவார். அதற்கு முன்னர் எல்லோரும் பூவும் மெழுகுதிரியும் வைத்துத் தயாராக நிற்பார்கள். அக்கா வெள்ளைச் சேலை கட்டி, பிளாஸ்டர் கையைக் கழுத்துத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டு, இடது கையில் ஒரு பையோடு வந்தார். நான் மாமியின் கல்லறையை விட்டுவிட்டு அவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

கல்லைப் பார்த்தார். கனநேரம் பார்த்தார். பிறகு குனிந்து, கடைசி வரியில் விரலை வைத்து மெதுவாக இழுத்தார். அவருடைய விரல் புது எழுத்துகளின் மேலே போகவில்லை, வேறு எங்கோ வளைந்து போனது. பழைய எழுத்தின் வளைவு அவருக்குக் கைப்பாடம் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"ஆர் இதை எழுதினது?"

"மழைக்கு அழிஞ்சு போயிருந்தது அக்கா. திருநாளுக்கு நல்லா இருக்கட்டுமெண்டு நான்தான் ஆளைப் பிடிச்சு எழுதுவிச்சனான்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமே இல்லாத பார்வை. கோபம் இருந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"இருபது வருசத்து மாரிக்கு அழியாதது தங்கச்சி."

பையிலிருந்து இரண்டு மெழுகுதிரியை எடுத்தார். ஒவ்வொரு வருடமும் அவர் இரண்டு கொளுத்துவதை நான் கண்டிருக்கிறேன். கடற்காற்றுக்கு ஒன்று அணைந்தாலும் மற்றது எரியட்டும் என்றாக்கும் என்று நினைத்திருந்தேன். ஒற்றைக் கையால் நெருப்புப் பெட்டியோடு அவர் தடுமாறுவதைப் பார்த்து நான் ஒன்றைக் கொளுத்திக் கொடுத்தேன். அதைப் பிள்ளையின் பெயருக்குக் கீழே நட்டார். மற்றதைக் கொளுத்த நான் கை நீட்டினேன். அவர் தரவில்லை.

"இது அவருக்கு. அவருக்குக் குழி இல்லையெல்லோ. அவரின்ர கை பட்ட கல்லெண்டு இஞ்ச வச்சுக்கொண்டு வந்தனான்" என்றார். பிறகு அந்தத் திரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, என்னிடம் கேட்கிறாரா தனக்குத்தானே சொல்கிறாரா என்று தெரியாத குரலில், "இதை நான் இனி எங்க வைக்கிறது?" என்றார்.

சுவாமியார் வந்து தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். சுற்றிவரச் சேமக்காலை முழுக்கத் திரிகள் எரிந்தன. அக்கா கொளுத்தாத அந்த மெழுகுதிரியைத் தாளில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

அடுத்த நாள் காலையில் அழுதுகொண்டு போய், வினாகிரி போட்டதைச் சொன்னேன். அவர் முற்றத்தில் கதிரை போட்டு இருந்தார். "கல்லைத் தொட்ட உடனை தெரியும். நீங்கள் நல்லதுக்குத்தான் செய்தனீங்கள்" என்றார். பிறகு, "அழிஞ்சதெண்டு அப்பிடியே விட்டிருக்கலாம் தங்கச்சி. அழிஞ்ச இடத்தையெண்டாலும் தடவிக்கொண்டு இருந்திருப்பன்" என்றார். தடம் இருந்தது அக்கா, நான்தான் தேய்க்கச் சொன்னேன் என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். நல்லதுக்குத்தான் செய்தேன் என்று நம்பி மன்னித்தவரிடம் மன்னிக்க ஏலாததைக் கொண்டுபோய் வைக்க எனக்குத் துணிவில்லை.

என் போனில் இருந்த அந்த முதல் படத்தை, பெருமையடித்துப் புளுகுவதற்காக எடுத்த படத்தைப் பெரிதாக அச்செடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினார். அப்போது பிளாஸ்டர் கழற்றியிருந்தார்கள். எழுத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தார், கண்ணாடி வழுக்கியது. "நல்ல தெளிவா இருக்குது" என்று சொல்லித் தையல் மெசினின் இழுப்பு லாச்சிக்குள் வைத்தார். இன்றுவரை அது சுவரில் ஏறவில்லை.

எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. படலையடியில் கண்டால் சிரிப்பார், சாப்பிட்டீங்களோ என்று கேட்பார், என் சட்டையைத் தைத்துத் தருவார். ஆனால் அதன் பிறகு என்னிடம் எந்த உதவியும் கேட்டதில்லை. தேங்காய் துருவக்கூட. போன வருடம் திருநாளுக்கு முன்னர் தானே போய்க் குந்தியிருந்து புல் பிடுங்கினார். ஒரு போத்தலில் தண்ணீர் கொண்டுபோய்க் கல்லைக் கழுவினார். திருநாள் அன்று அவர் பையைத் திறந்தபோது நான் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு மெழுகுதிரிதான் கொண்டுவந்திருந்தார்.

கான் இன்னும் என் குசினி மூலையில் இருக்கிறது. வீட்டுக் கேத்திலைத் தவிர வேறெதிலும் ஊற்றுவதில்லை. வெளியே யாராவது வினாகிரியைப் பற்றிக் கேட்டால், டைலுக்குப் போடலாம், மாபிளுக்கும் சுண்ணாம்புக் கல்லுக்கும் கிட்டவும் கொண்டுபோகாதேங்கோ என்று சொல்லுகிறேன். ஒழுங்கைப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது. அவர்கள் இன்னமும் 'வினாகிரி அன்ரி' என்று கூப்பிடுகிறார்கள். அக்காவின் படலையடியில் வைத்து அப்படிக் கூப்பிட்டால் எனக்கு உடம்பு கூசுகிறது.

இதை எழுதியது அவர் கண்ணில் படுமோ தெரியாது. பட்டால், தேய்க்கச் சொன்னவள் நான்தான் என்று இப்படியாவது அவருக்குத் தெரியட்டும். கேட்டதை மட்டும் செய்ய வேண்டும், செய்த பிழையை அன்றைக்கே சொல்ல வேண்டும் என்ற பாடத்தைப் படித்தவள் நான், அதற்கு விலையாகக் கணவனுக்குத் திரி கொளுத்த இருந்த ஒரே இடத்தையும் கொடுத்தவர் அவர்.